பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தொண்டை வலி: மெடிக்கல் கவுண்டரில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரு சுற்று, ஐப்பசி மழை பிடித்ததும் இன்னொரு சுற்று, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் என்று எல்லாப் பக்கமிருந்தும் "புள்ளைக்குத் தொண்டை வலி, ஏதாவது குடுங்கண்ணே" என்று வருவார்கள். கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரிதான். கூட்ட நேரத்தில் முழுசாகப் பதில் சொல்ல முடிவதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. இங்கே சொல்வதெல்லாம் 5 வயதிலிருந்து 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. கைக்குழந்தை என்றால் இதைப் படித்துக்கொண்டு இருக்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

தொண்டை வலின்னா உடனே டாக்டர்ட்ட ஓடணுமா, ரெண்டு நாள் பார்க்கலாமா?

மூக்கு ஒழுகுகிறது, இருமல் இருக்கிறது, லேசான காய்ச்சல், ஆனால் பிள்ளை தண்ணீர் குடிக்கிறது, கொஞ்சமாவது சாப்பிடுகிறது, டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறது என்றால் இரண்டு நாள் தாராளமாகப் பார்க்கலாம். இது பெரும்பாலும் வைரஸ். மூன்று நான்கு நாளில் வலி குறையும், ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும்.

சளியும் இல்லை, இருமலும் இல்லை, ஆனால் திடீரென்று 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், எச்சில் விழுங்கவே அழுகிறது என்றால் அன்றைக்கோ மறுநாளோ காட்டிவிடுங்கள். ராத்திரி என்றும் பார்க்காமல் ஓட வேண்டிய அறிகுறிகள் வேறு, அவற்றைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

வைரஸா பாக்டீரியாவான்னு வீட்டுல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது, ஊகிக்கலாம். தொண்டை வலி என்று வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வைரஸ்தான். பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு 'குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற பாக்டீரியா இருக்கும், சுருக்கமாக ஸ்ட்ரெப் என்பார்கள். இந்தப் பக்கம் முழுக்க நான் கவலைப்படுவது அந்த இரண்டு மூன்று பேரைப் பற்றித்தான். 5 முதல் 15 வயதுதான் அதற்குப் பிடித்த வயது, மூன்று வயதுக்குக் கீழே அபூர்வம்.

ஸ்ட்ரெப் சட்டென்று வரும். காலையில் நன்றாக ஸ்கூலுக்குப் போன பிள்ளை மாலையில் சுருண்டு படுக்கும். காய்ச்சல், விழுங்கும்போது வலி, தாடைக்குக் கீழே கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டித் தொட்டால் வலி, டான்சில் சிவந்து வீங்கி அதன்மேல் வெள்ளைத் திட்டு, சில சமயம் மேல் அண்ணத்தில் பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளி. பிள்ளைகளுக்குத் தலைவலி, வயிற்று வலி, வாந்தியும் சேர்ந்து வரும். வயிறு வலிக்கிறது என்று அழும் பிள்ளைக்கு ஓமவாட்டர் வாங்கிப் போகிறவர்களிடம் காய்ச்சல் இருக்கிறதா, தொண்டை வலிக்கிறதா என்று நான் கேட்பது இதனால்தான். மாறாக மூக்கொழுகல், இருமல், குரல் கம்முதல், கண் சிவத்தல், வாய்ப்புண் இவை இருந்தால் வைரஸ் பக்கம் சாய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

செல்போன் டார்ச் அடிச்சுப் பார்த்தேன், வெள்ளை வெள்ளையா இருக்கு. அப்ப பாக்டீரியாதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. சில வைரஸ்களும் டான்சிலில் அதே மாதிரி வெள்ளையாகத் திட்டுப் போடும். அனுபவமுள்ள டாக்டர்களே வெறும் கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல மாட்டார்கள். தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கும் பரிசோதனைதான் சொல்லும். உடனடி டெஸ்ட் கிட் என்றால் சில நிமிடத்தில் முடிவு, கல்ச்சர் (லேபில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது) என்றால் ஒன்றிரண்டு நாள். எல்லா லேபிலும் இது இருக்காது, எழுதிக் கொடுக்கும் டாக்டரிடமே எங்கே எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"ரெண்டு நாள் காத்திருந்தா முத்திப் போயிராதா" என்று அடுத்த கேள்வி வரும். முத்தாது. ஸ்ட்ரெப் என்றால், வலி ஆரம்பித்து ஒன்பது நாளுக்குள் ஆன்டிபயாடிக் தொடங்கினாலே பெரிய ஆபத்தை, அதாவது கீழே சொல்லப்போகும் ருமாட்டிக் காய்ச்சலை, தடுத்துவிடலாம்.

போன தடவை அசித்ரோ மூணு மாத்திரையில கேட்டுச்சு. அதையே குடுங்களேன்.

ஒரு நாளைக்கு இதைக் கேட்காமல் கடை சாத்தியதில்லை. போன தடவை வந்தது வைரஸாக இருந்திருந்தால் மூன்று நாளில் அது தானாகவே குறைந்திருக்கும், பேர் மட்டும் மாத்திரைக்குப் போயிருக்கும். வைரஸை எந்த ஆன்டிபயாடிக்கும் ஒன்றும் செய்யாது. வயிற்றுப்போக்கும், அடுத்த முறை மருந்து பலிக்காமல் போவதும்தான் மிச்சம்.

சரி, ஸ்ட்ரெப் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் முதலில் தர வேண்டியது அசித்ரோமைசின் இல்லை. பென்சிலின் அல்லது அமாக்சிசிலின். இத்தனை வருடமாகியும் இந்தக் கிருமி பென்சிலினுக்கு எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொள்ளவே இல்லை, அசித்ரோவுக்கு வளர்த்துக்கொண்டிருக்கிறது. பென்சிலின் அலர்ஜி உள்ள பிள்ளைக்குத்தான் டாக்டர் அசித்ரோ பக்கம் போவார். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்தெல்லாம் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. நான் தரவில்லை என்று கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடையில் வாங்குகிறவர்களும் உண்டு, என்ன செய்ய.

பத்து நாள் கோர்ஸ்னு எழுதியிருக்காரு. மூணாம் நாளே புள்ள ஓடியாடுது. இன்னும் எதுக்கு மருந்து?

காய்ச்சலும் வலியும் போவது முதல் இரண்டு மூன்று நாளில் நடந்துவிடும். கிருமி தொண்டையிலிருந்து முழுசாகப் போவதற்குத்தான் மீதி நாட்கள். அமாக்சிசிலின், பென்சிலின் இரண்டுக்கும் ஸ்ட்ரெப் விஷயத்தில் பத்து நாள் என்பது வழக்கமான கணக்கு. டாக்டர் வேறு மருந்து எழுதி ஐந்து நாள் போட்டிருந்தால் ஐந்து நாள், அதை நீங்கள் இழுக்க வேண்டாம்.

இதில் கடைக்காரனாக எனக்குத் தெரிந்த ஒரு சிக்கல் இருக்கிறது. பவுடராக வரும் ஆன்டிபயாடிக் சிரப்பில் தண்ணீர் கலந்துவிட்டால் பெரும்பாலான கம்பெனிப் பாட்டில் ஏழு நாள்தான் தாங்கும், பாட்டிலும் சின்னது. அதனால் பத்து நாள் கோர்ஸுக்கு ஒரு பாட்டில் போதாது, இரண்டு மூன்று கூட ஆகலாம். ஆனால் வீட்டில் பாட்டில் காலியானதும் "மருந்து முடிஞ்சிருச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள். வாங்கும்போதே எத்தனை பாட்டில் வேண்டும் என்று கேளுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கியபின் மறுபடி கோடு பார்த்து ஊற்றிக் கலக்குங்கள். லேபிளில் அப்படிப் போட்டிருந்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். ஒவ்வொரு வேளையும் குலுக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

தொண்டை வலியால இதயம் கெட்டுப் போகும்ங்குறாங்களே, நெசமா, இல்ல பயமுறுத்துறாங்களா?

நெசம்தான். ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். ஸ்ட்ரெப் தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, தொண்டையெல்லாம் சரியான பிறகு வரும். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குகிறது. மூட்டு வலி போய்விடும், வால்வில் விழுந்த தழும்பு போகாது. சின்ன வயதில் ஒன்றும் தெரியாமல் இருந்து, பின்னால் பிரசவ சமயத்தில் மூச்சு வாங்கி, அப்போதுதான் வால்வு சுருங்கியிருப்பது தெரியவரும் பெண்கள் நம் நாட்டில் இன்றும் இருக்கிறார்கள்.

எல்லாத் தொண்டை வலியும் அங்கே போய் முடிவதில்லை. ஸ்ட்ரெப் வந்தவர்களிலும் மிகச் சிலருக்குத்தான். ஆனால் பத்து நாள் சிரப்பால் தடுக்கக்கூடிய இதய நோய் வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் அஞ்சு மில்லி குடுத்தேன், கேக்கவே இல்லை. டபுள் டோஸ் குடுக்கலாமா?

அஞ்சு மில்லி என்பதில் அர்த்தமே இல்லை, எந்த அஞ்சு மில்லி என்பதுதான் கேள்வி. பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மில்லிகிராம் என்று ஒன்று, 250 மில்லிகிராம் என்று ஒன்று வருகிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கே 100 மில்லிகிராம். கணக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 18 கிலோ பிள்ளைக்கு 250 சிரப்பில் 5 மி.லி. சரியாக இருக்கும். அதே 5 மி.லி. 120 சிரப்பில் என்றால் பாதி டோஸ்தான், காய்ச்சல் எப்படிக் கேட்கும்? தம்பிப் பாப்பாவின் சொட்டு மருந்து வீட்டில் இருக்கிறதே என்று அதில் 5 மி.லி. ஊற்றினால் 500 மில்லிகிராம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு போய்விடும்.

நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சளி மருந்துச் சிரப் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். சமையல் ஸ்பூனால் அளக்காமல் பாட்டிலோடு வரும் மூடியாலோ சிரிஞ்சாலோ அளங்கள். கடைக்கு வரும்போது பிள்ளையின் எடையைத் தெரிந்துகொண்டு வந்தால் அளவை நானே லேபிளில் எழுதித் தருவேன்.

இபுபுரூஃபென், நிம்சுலைடு எல்லாம் இன்னும் வேகமா கேக்குமாமே?

இபுபுரூஃபென் தொண்டை வலிக்கு நல்ல மருந்துதான், சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டும், டாக்டர் சொன்ன அளவில். ஆனால் மழைக்காலத்தில் ஊரில் டெங்கு இருக்கும்போது, டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும் போதும். நிம்சுலைடு 12 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2011லேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஆஸ்பிரினும் பிள்ளைகளுக்கு வேண்டாம், வைரஸ் காய்ச்சலோடு சேர்ந்தால் கல்லீரலையும் மூளையையும் பாதிக்கும் அபாயம் உண்டு.

ஒரு ஊசி போட்டா சட்டுனு நிக்கும்ல?

எந்த ஊசி? காய்ச்சலைக் குறைக்கும் ஊசி, சிரப் செய்யும் வேலையைத்தான் செய்யும். வாயால் குடிக்கக்கூடிய பிள்ளைக்குக் குத்து எதற்கு? ஸ்ட்ரெப் என்று தெரிந்து, பத்து நாள் மருந்தை ஒழுங்காகக் கொடுக்க முடியாது என்று டாக்டர் நினைத்தால் பென்சாத்தின் பென்சிலின் என்று ஒரே ஒரு ஊசி போடுவதுண்டு, அது முழுக் கோர்ஸுக்குச் சமம். அந்த முடிவு அவருடையது. "ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர்" என்று ஆளை மாற்றிக்கொண்டே போகாதீர்கள்.

எங்க அப்பத்தா பனங்கற்கண்டு, மிளகு போட்ட பால்தான் குடுக்கணும்ங்குது. குடுக்கலாமா?

தாராளமாக. மஞ்சள் பால், பனங்கற்கண்டுப் பால், துளசி கஷாயம், சுக்கு மல்லிக் காப்பி, எல்லாம் தொண்டைக்கு இதம். வெதுவெதுப்பாக இருக்கட்டும், நாக்கைச் சுடும் சூட்டில் வேண்டாம். தேனும் நல்லது, ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. கொப்பளிக்கத் தெரிந்த பிள்ளை, ஆறு வயதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு டம்ளர் வெந்நீருக்கு அரை டீஸ்பூன் உப்புப் போட்டு ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கொப்பளிக்கலாம்.

இவையெல்லாம் வலியைக் குறைக்கும், ஸ்ட்ரெப் கிருமியைக் கொல்லாது. ஆகவே அப்பத்தாவின் பாலும் வேண்டும், டாக்டரின் சிரப்பும் வேண்டும், இரண்டுக்கும் சண்டை இல்லை. ஆவி பிடிப்பது மட்டும் எனக்குப் பிடிக்காது. கொதிக்கும் சட்டிக்கு முன்னால் போர்வைக்குள் பிள்ளையை உட்கார வைத்து, சட்டி கவிழ்ந்து காலில் கொட்டிக்கொண்டு தீக்காயத்துக்கு மருந்து கேட்டு வருகிறார்கள். தொண்டை வலிக்கு அதனால் பெரிய பலனும் இல்லை.

உள்நாக்கு விழுந்துருச்சு, உச்சி முடியப் புடிச்சு இழுத்து விடணும்ங்குறாங்களே?

உள்நாக்கு எங்கேயும் விழுவதில்லை. தொண்டை அழற்சியில் அதுவும் சேர்ந்து வீங்கிக் கொஞ்சம் நீளமாகத் தெரியும், வீக்கம் வடிந்தால் பழையபடி ஆகிவிடும். உச்சி முடியை இழுத்தால் பிள்ளைக்குத் தலையும் வலிக்கும், அவ்வளவுதான். விரலில் உப்பும் மிளகுப்பொடியும் தொட்டு உள்ளே விட்டு அழுத்துவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், புண்ணான இடம் கிழிந்து ரத்தம் வரும், பிள்ளை வாந்தி எடுத்துப் புரையேறும். கழுத்துக்கு வெளியே சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசுகிறார்கள், சுண்ணாம்பு தோலைப் பொத்துவிடும். ஆச்சிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, இந்த மூன்றுக்கும் நான் எதிர்க்கட்சி.

சாப்பிட என்ன குடுக்குறது? எங்க வீட்டுல காரம் இல்லாம எதுவுமே இறங்காது.

நம்ம ஊர்ச் சமையலில் காரம் போக மீதியும் நிறைய இருக்கிறது. தேங்காய்ப் பாலில் நனைத்த இடியாப்பம், பால் பணியாரம், கும்மாயம், குழைய வடித்த பருப்புச் சாதம், நெய் விட்ட கஞ்சி எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கும். கவுனி அரிசியை நன்றாகக் குழைய விட்டால் அதுவும் சரி. வெள்ளைப் பணியாரம் கொடுக்கலாம், தொட்டுக்கொள்ளும் வரமிளகாய்த் துவையலை மட்டும் நீங்கள் சாப்பிடுங்கள். தேன்குழல், முறுக்கு, சீப்புச் சீடை டப்பாவை ஒரு வாரத்துக்குப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

சாப்பாடு இரண்டு நாள் குறைந்தால் குடிமுழுகிப் போகாது. தண்ணீர் குறையக் கூடாது. எட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை, உதடு காய்ந்திருக்கிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஐஸ்கிரீம் தின்னதுனாலதான வந்துச்சு? தின்னாதன்னு சொன்னா கேக்குதா!

பாவம், பிள்ளையைத் திட்டாதீர்கள். கிருமி ஐஸ்கிரீமிலிருந்து வரவில்லை, பக்கத்து பெஞ்சிலிருந்து வந்தது. இருமல், தும்மல் துளி, ஒரே வாட்டர் பாட்டிலில் நாலு பேர் வாய் வைத்துக் குடிப்பது, இப்படித்தான் பரவும். ஸ்ட்ரெப் என்றால் ஒட்டிய இரண்டிலிருந்து ஐந்து நாளில் வலி ஆரம்பிக்கும். கல்யாணத்துக்கு, பிள்ளையார் நோன்புக்கு என்று சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பங்காளிகள் எல்லாம் பெரிய வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் பத்துப் பேர் பட்டாலையில் வரிசையாகப் படுத்து எழுந்தார்கள் என்றால், அந்த வாரக் கடைசியில் என் கடைக்கு அதே வீட்டிலிருந்து மூன்று சீட்டு வரும்.

உண்மையில் குளிர்ந்த பண்டம் வீங்கிய தொண்டையை மரத்துப் போகச் செய்து வலியைக் குறைக்கும். ஒரு கப் ஐஸ்கிரீம் கேட்டால் கொடுக்கலாம், வேறு எதுவும் சாப்பிடாத பிள்ளை அதையாவது சாப்பிடட்டும்.

கூடவே இருமலும் இருக்கு. ஒரு சிரப் குடுங்க.

இருமல் சிரப்பால் தொண்டை வலி போகாது, வைரஸ் இருமலுக்கும் பெரிய உதவி இல்லை. சளிக்கு வழக்கமாகக் கேட்கும் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கலவை நான்கு வயதுக்குக் கீழே கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023இல் சொல்லிவிட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த இருமல் சிரப் குடித்துப் பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தது நினைவிருக்கும், அந்தச் சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். டாக்டர் எழுதாமல் நான் கொடுப்பதில்லை. படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் கொடுத்துப் பாருங்கள்.

நாளைக்குக் காலாண்டுத் தேர்வு. அனுப்பலாமா?

ஸ்ட்ரெப் என்று ஆன்டிபயாடிக் தொடங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமாவது, முடிந்தால் ஒரு முழு நாள் மருந்து போயிருக்க வேண்டும், காய்ச்சலும் விட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அடுத்தவர்களுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும், அனுப்பலாம். வைரஸ் என்றால் மருந்து கொடுக்காமலே காய்ச்சல் 24 மணி நேரம் வராமல் இருந்து, பிள்ளைக்கு உட்காரத் தெம்பும் இருந்தால் போதும். காலையில் பாராசிட்டமால் ஊற்றிக் காய்ச்சலை அமுக்கி வேனில் ஏற்றி அனுப்புவது, மத்தியானம் ஸ்கூலிலிருந்து போன் வருவதில்தான் முடியும்.

வீட்டுல சின்னவனும் இருக்கான். அவனுக்கும் சேர்த்து ரெண்டு நாள் மருந்து குடுத்துடவா?

வேண்டாம். வலியோ காய்ச்சலோ இல்லாதவனுக்கு மருந்து தேவையில்லை. வந்தால் அப்போது காட்டுங்கள், அக்காவுக்கு ஸ்ட்ரெப் வந்தது என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். டம்ளர், துண்டு தனியாக இருக்கட்டும், கை கழுவட்டும்.

சில பிள்ளைகளின் தொண்டையில் இந்தக் கிருமி ஒன்றும் செய்யாமல் சும்மாவே குடியிருக்கும். அவர்களுக்கு வைரஸ் தொண்டை வலி வந்த நேரத்தில் டெஸ்ட் எடுத்தால்கூட 'பாசிட்டிவ்' என்று வரும். அதனால்தான் சளி, இருமலோடு வரும் பிள்ளைக்கு டாக்டர்கள் அந்த டெஸ்டை எழுதுவதில்லை, கோர்ஸ் முடித்து நன்றாக இருக்கும் பிள்ளைக்கு மறுபடி டெஸ்ட் எடுக்கவும் சொல்வதில்லை.

கழுத்து வீங்கியிருக்கு. பொன்னுக்கு வீங்கியா இருக்குமோ?

எங்கே வீங்கியிருக்கிறது என்று பாருங்கள். தாடைக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கம் கோலிக்குண்டு அளவில் உருளுகிறது என்றால் இரண்டாவது கேள்வியில் சொன்ன நெறி. காதுக்கு முன்னாலும் கீழேயும் கன்னமே உப்பி, தாடை எலும்பின் மூலை தெரியாமல் மறைந்து, மெல்லும்போது வலிக்கிறது என்றால் பொன்னுக்கு வீங்கி. அதுவும் வைரஸ்தான், ஆன்டிபயாடிக் வேண்டாம்.

கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவது நம்ம பக்கத்துப் பழக்கம். போடுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் வீங்கிய நாளிலிருந்து ஐந்து நாள் ஸ்கூலுக்கு அனுப்பாதீர்கள், சங்கிலியோடு சேர்த்து வீட்டிலேயே இருக்கட்டும். கடும் தலைவலி, வாந்தி, வயிற்று வலி, பையன்களுக்கு விரையில் வலி வந்தால் அன்றைக்கே டாக்டர்.

ராத்திரின்னும் பார்க்காம எப்ப ஓடணும்?

எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் ஒழுகவிடுவது. மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம், விலாவுக்கு இடையில் குழி விழுவது. வாயைத் திறக்கவே முடியாதது, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறுவது, வலி ஒரே பக்கம் மிகுதியாக இருப்பது. இந்தக் கடைசிச் சேர்க்கை டான்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டுவதைக் காட்டும். கழுத்தை அசைக்க முடியாதது, எழுப்பினாலும் தூங்கி வழிவது. இவற்றில் எது இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். எச்சில் ஒழுகி மூச்சுத் திணறும் பிள்ளையின் தொண்டையில் ஸ்பூனை விட்டுப் பார்க்காதீர்கள், படுக்கவும் வைக்காதீர்கள், தனக்கு வசதியாக உட்காரட்டும்.

இன்னொன்று தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா. டான்சிலின்மேல் சாம்பல் நிறத்தில் தோல் போல ஒட்டியிருக்கும், கழுத்து பெரிதாக வீங்கும். தடுப்பூசி தவறிய பிள்ளைக்கு வரும், உயிரையே எடுக்கும். ஐந்து ஆறு வயதில் ஒரு பூஸ்டர், அப்புறம் 10 வயதிலும் 16 வயதிலும் டிடி (Td) ஊசி உண்டு. இவை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பள்ளிக்கூடத்தில் ஊசி போட வரும் அன்றைக்குப் பிள்ளைக்கு லீவு போட வைக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். ஊசி போட்ட கை ஒரு நாள்தான் வலிக்கும்.

மாசம் ஒரு தடவை வருது. டான்சிலை எடுத்துடலாமா?

முதலில் நோட்டில் எழுதுங்கள்: தேதி, காய்ச்சல் எவ்வளவு, சளி இருந்ததா, டாக்டர் என்ன சொன்னார் என்று. மாசம் ஒரு தடவை என்று சொல்கிறவர்கள் எழுதிப் பார்த்தால் வருடத்துக்கு நான்கு, அதிலும் மூன்று வெறும் சளி என்று வரும். கடுமையான டான்சில் அழற்சி ஒரு வருடத்தில் ஏழு தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு ஐந்து, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு மூன்று என்று இருந்தால்தான் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சே தொடங்கும்.

வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கி, நடுவில் மூச்சு நின்று நின்று வரும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் உடனே காட்டுங்கள். மற்றபடி டான்சில் பெரிதாக இருப்பது மட்டும் நோயில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அது பெரிதாகத்தான் இருக்கும், வளர வளரச் சுருங்கும்.

மருந்து ஆரம்பிச்சதும் உடம்பெல்லாம் தடிப்பு. அலர்ஜிதானே, நிறுத்திடலாமா?

மூன்று விதமாக இருக்கலாம், அதனால் போட்டோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஒன்று, நிஜ அலர்ஜி: அரிப்போடு திட்டுத் திட்டாக எழும்பும். அதோடு முகம், உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு. இரண்டு, ஸ்ட்ரெப் கிருமியே வெளியிடும் நஞ்சால் வரும் ஸ்கார்லெட் காய்ச்சல்: தோலைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும், நாக்கு சிவந்து புள்ளி புள்ளியாக இருக்கும். இதற்கு மருந்தே அந்த ஆன்டிபயாடிக்தான், நிறுத்தினால் தப்பு.

மூன்றாவது, எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ். பதின்வயதில் அதிகம், தொண்டையில் வெள்ளைத் திட்டு, கழுத்து முழுக்க நெறி, வாரக்கணக்கில் அசதி. இதற்கு ஸ்ட்ரெப் என்று நினைத்து அமாக்சிசிலின் கொடுத்தால் உடம்பு முழுக்கச் சிவந்துவிடும், அது நிரந்தர அலர்ஜி இல்லை. எது என்று தெரியாமலே 'பென்சிலின் அலர்ஜி' என்று பிள்ளையின் தலையில் எழுதிவிட்டால் வாழ்நாள் முழுக்க நல்ல மருந்து ஒன்று கைவிட்டுப் போகும்.

தொண்டை வலி போய் ரெண்டு வாரமாச்சு. இப்ப முட்டி வலிக்குதுங்குறா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இருக்கலாம். இன்றைக்கு முட்டி, நாளை மறுநாள் கணுக்கால், அப்புறம் முழங்கை என்று வீக்கமும் வலியும் இடம் மாறுவது, காய்ச்சல், படபடப்பு, படியேறினால் மூச்சு வாங்குவது, கை கால் தன்னால் வெட்டி வெட்டி இழுப்பது, கையெழுத்து திடீரென்று கோணலாவது, இவையெல்லாம் மேலே சொன்ன ருமாட்டிக் காய்ச்சலின் அடையாளம். வளர்கிற வயசு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிக்கொண்டு போய், இரண்டு வாரம் முன்னால் தொண்டை வலி வந்ததை நீங்களாகவே சொல்லுங்கள். முட்டி வலிக்கு வந்த பிள்ளையின் தொண்டையைப் பற்றி அவர்கள் கேட்காமல் போகலாம்.

முகம் காலையில் உப்பியிருந்து, சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்தில் போனால் அது சிறுநீரகம். ஸ்ட்ரெப் வந்து ஒன்றிரண்டு வாரத்தில் சில பிள்ளைகளுக்கு வரும், ஆன்டிபயாடிக் ஒழுங்காகக் கொடுத்திருந்தாலும் வரலாம். அன்றைக்கே சிறுநீர் டெஸ்டும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும், பெரும்பாலான பிள்ளைகள் முழுசாகத் தேறிவிடுவார்கள்.

ருமாட்டிக் காய்ச்சல்னு சொல்லி மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போடச் சொல்லியிருக்காங்க. புள்ள இப்ப நல்லாத்தான் இருக்கா. எத்தனை வருஷத்துக்கு?

வருடக்கணக்கில். இதயம் பாதிக்கப்படாவிட்டாலும் குறைந்தது ஐந்து வருடம் அல்லது 21 வயது வரை, எது அதிகமோ அது. வால்வு கெட்டிருந்தால் இன்னும் நீளும், டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒரு முறை வந்த பிள்ளைக்கு அடுத்த ஸ்ட்ரெப் தொண்டை வலியிலேயே மறுபடி வரும் வாய்ப்பு அதிகம், ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கொஞ்சம் கெடலாம். அதைத் தடுக்கத்தான் அந்த ஊசி. திருவிழா, கல்யாணம், பரீட்சை என்று தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். வெளியூர் போகிறீர்கள் என்றால் ஊசிச் சீட்டைக் கையோடு எடுத்துப் போய் அந்த ஊர் அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாம்.